வாசலில் வந்து நிற்கும் வரி

வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு பொருள் வாங்குவது இன்றைக்கு ஐந்து நிமிட வேலை. பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, கார்டு எண்ணைத் தட்டி, முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. பத்து நாள் கழித்துக் கூரியர் நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். சுங்கவரி இவ்வளவு, கட்டினால்தான் பார்சல் நகரும் என்று. இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு எழுநூறு, எண்ணூறு என்று அதில் போட்டிருந்தால் வருகிற கோபம் இருக்கிறதே... அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

கோபம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் அது தவறான இடத்தில் போய் விழுகிறது. "அரசாங்கம் கொள்ளை அடிக்கிறது" என்பார் ஒருவர். "கூரியர்க்காரன் ஏமாற்றுகிறான்" என்பார் இன்னொருவர். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். சுங்கத்தை நீக்கியதற்காகவே ஒரு ராஜாவைத் தொள்ளாயிரம் வருஷம் கழித்தும் ஊர் நினைவு வைத்திருக்கிறது என்றால், சுங்கவரி மேல் மக்களுக்கு எவ்வளவு பிரியம் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இன்னொரு குலோத்துங்கன் வந்து வரியை ஒழிக்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. வரி இருக்கட்டும். எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் நிமிடத்தில் சொல்லாமல், பொருள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு சொல்கிறார்களே, அதுதான் தவறு. விலை தெரியாமல் ஒருவரை ஒரு பொருளை வாங்க வைப்பது எந்தக் கடையிலும் நியாயம் இல்லை.

முதலில் கணக்கு

இந்தியாவில் இந்தத் தொகை எப்படி வருகிறது என்று பார்த்தால், அது ஏன் எல்லோரையும் திகைக்க வைக்கிறது என்பது புரியும்.

வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. பொருளின் விலை, அது வந்து சேர்ந்த கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி வரும் மதிப்புக்குத்தான் வரி. காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று தெரியாவிட்டால் பொருள் விலையில் 1.125 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். விமானத்தில் வரும் பொருளுக்குக் கூலி எவ்வளவு ஆகியிருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று 2007ம் வருட மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விதி இது.

இந்த மதிப்பின் மேல் அடிப்படை சுங்கவரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இது 2018 பட்ஜெட்டில், பழைய கல்வி வரிகளுக்குப் பதிலாக வந்தது. பிறகு மதிப்பு, அடிப்படை வரி, கூடுதல் வரி மூன்றையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் ஐஜிஎஸ்டி. அதாவது வரிக்கு வரி, அதற்கும் வரி.

ஓர் உதாரணம். பொருள் 2,000 ரூபாய். விமானக் கூலி 900 ரூபாய். அடிப்படை வரி 10 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

கூலியில் 400 ரூபாய்தான் சேரும். காப்பீடு 22.50. ஆக மதிப்பு 2,422.50.
அடிப்படை வரி 242.25. கூடுதல் வரி 24.23.
இதுவரை மொத்தம் 2,688.98. அதன் மேல் ஐஜிஎஸ்டி 484.02.
கட்ட வேண்டியது 750.50 ரூபாய்.

பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டு என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு, பொருள் விலையில் முப்பத்தேழரை சதவீதம் வந்து நிற்கிறது. இதில் யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் சட்டப்படிதான். ஆனால் பி.காம் படிக்கிறவர்களே பேப்பரும் பேனாவும் எடுத்தால்தான் போட முடிகிற கணக்கை, ஹெட்போன் வாங்கும் ஒருவர் மனசுக்குள் போட்டுவிட்டு 'வாங்கு' பொத்தானை அழுத்துவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

வரியை விடப் பெரிய கூலி

கதை இதோடு முடிவதில்லை. வாங்கியவர் சார்பில் கூரியர் நிறுவனம் முதலில் வரியைக் கட்டிவிடும். அப்படி முன்பணம் கட்டியதற்கு ஒரு கட்டணம் தனியாக வாங்கும். அந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி வேறு!

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரிட்டனில் 2010களில், வெளியிலிருந்து வரும் 15 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு 20 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி உண்டு. தபாலில் வந்தால், வரியை வசூலித்துத் தருவதற்காக அந்த நாட்டுத் தபால் நிறுவனமான ராயல் மெயில் 8 பவுண்டு வாங்கியது. 20 பவுண்டுக்கு ஒருவர் ஒரு பொருள் வாங்கியிருந்தால் அரசுக்குப் போவது 4 பவுண்டு, வசூலித்தவருக்குப் போவது 8 பவுண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இதில் தபால் நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்து, மதிப்புப் போட்டு, கடிதம் அனுப்பி, பணம் வரும் வரை பத்திரமாக வைத்திருந்து, பிறகு கொண்டுபோய்க் கொடுக்க ஆள்கூலி ஆகத்தான் செய்யும். கோளாறு வசூலிக்கும் இடத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கான வாசல்களில் போய் ஆளுக்குக் கொஞ்சமாக வசூலிப்பதை விடச் செலவான வழி வேறு இல்லை.

வியாபாரிக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று

சுங்கச் சட்டங்கள் எல்லாம் கப்பலில் கன்டெய்னர் இறக்கும் வியாபாரியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வியாபாரிக்குச் சுங்க ஏஜெண்ட் இருக்கிறார். பொருள் வருவதற்கு முன்பே வரி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அவர் கட்டும் ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, பிறகு தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். தன் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு பெட்டி வாங்குபவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. கடமை மட்டும் வியாபாரியைப் போல, வசதி எதுவும் இல்லை.

பொருள் பழுதாக வந்துவிட்டால்? கடைக்காரர் பொருளின் விலையைத் திருப்பித் தந்துவிடலாம். கட்டிய வரி? சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. பொருள் பழுதானது அல்லது சொன்னபடி இல்லை என்று காட்ட வேண்டும். அதைத் திருப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும், அல்லது உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அதிகாரி முன்னிலையில் அழிக்க வேண்டும். அதுவும் பொதுவாக 30 நாட்களுக்குள். பிறகு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 750 ரூபாய்க்காக இத்தனையும் செய்யும் மாணவர் யாராவது இருந்தால் அவருக்குத் தாராளமாக ஒரு பாராட்டு விழா நடத்தலாம்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை என்று தோன்றினால் 2021ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனா இரண்டாம் அலை. மருத்துவமனையில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. வெளிநாட்டில் உறவினர் இருந்தவர்கள் ஆக்சிஜன் செறிவூட்டி அனுப்பச் சொன்னார்கள். அப்போது வியாபாரத்துக்காக அதை இறக்குமதி செய்தால் ஐஜிஎஸ்டி 12 சதவீதம். சொந்த உபயோகத்துக்கு என்று வரவழைத்தால் 28 சதவீதம்! ஒரே மெஷின். விற்பதற்கு என்றால் குறைந்த வரி, மூச்சு விடுவதற்கு என்றால் கூடுதல் வரி.

2021 ஏப்ரல் 24ம் தேதி இதற்கான அடிப்படை சுங்கவரியை அரசு நீக்கியது. மே 1ம் தேதி, சொந்த உபயோகத்துக்கான ஐஜிஎஸ்டியை 28லிருந்து 12 ஆகக் குறைத்தது. 85 வயது முதியவர் ஒருவர், தனக்குப் பரிசாக வந்த செறிவூட்டிக்கு ஏன் இந்த வரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் போனார். மே 21ம் தேதி, அந்த வரி அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பு வந்தது. ஜூன் 1ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஜூன் 12ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சிலே சொந்த உபயோகத்தையும் சேர்த்து 5 சதவீதமாகக் குறைத்தது.

இந்த 28 சதவீதம் நோயாளிகளை வருத்த வேண்டும் என்று யாரோ திட்டமிட்டுப் போட்டது இல்லை. 'சொந்த உபயோகத்துக்கு வரும் பொருட்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரு விகிதம் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது பொம்மையா, வாட்சா, உயிர் காக்கும் கருவியா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தனியாக வாங்குபவருக்கு என்று பேசச் சங்கம் கிடையாது. அதனால்தான் அது மாறுவதற்கு ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது.

ரிச்சி தெருக் கடைக்காரர்

சரி, அப்படியானால் சின்னப் பார்சல்களுக்கு வரியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். அவர் விற்கும் போர்டும் சென்சாரும் பெரும்பாலும் கடல் தாண்டி வந்தவைதான். சுங்கவரி கட்டி, ஜிஎஸ்டி கட்டி, வாடகை கட்டி விற்கிறார். அதே சென்சார் வெளிநாட்டுக் கடையிலிருந்து ஒரு பைசா வரி இல்லாமல் வந்தால் அவர் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இது வெறும் பயம் இல்லை, பிரிட்டனில் நடந்தது. 18 பவுண்டுக்கு உட்பட்ட இறக்குமதிக்கு வரி இல்லை என்ற சலுகை அங்கே இருந்தது. பக்கத்தில் ஜெர்சி, கெர்ன்சி என்று இரண்டு தீவுகள், வரிச் சட்டப்படி அவை வெளியூர். சிடி, டிவிடி விற்கும் நிறுவனங்கள் அங்கே கிடங்கு போட்டு பிரிட்டனுக்கே அனுப்பின. வரி கட்டி விற்ற உள்ளூர் இசைத்தட்டுக் கடைகளால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. 2012 ஏப்ரல் 1 முதல் அந்தத் தீவுகளுக்குச் சலுகை கிடையாது என்று அரசு நிறுத்திய பிறகுதான் அந்த வியாபாரம் ஓய்ந்தது.

இந்தியாவிலும் பரிசுப் பொருளுக்கு 5,000 ரூபாய் வரை வரி இல்லை என்று இருந்தது. இணையக் கடையில் வாங்கிய பொருளையே 'பரிசு' என்று எழுதி அனுப்புவது பெருகியதும், 2019 டிசம்பரில் தபால், கூரியரில் பரிசு என்ற பெயரில் பொருள் கொண்டுவருவதையே தடை செய்துவிட்டார்கள். விதிவிலக்கு இரண்டே இரண்டு. உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. கயிறு மட்டும்தான், கயிற்றோடு வரும் பரிசுக்கு இல்லை என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்!

ஆக, சலுகை கொடுத்தால் ஓட்டை விழுகிறது. ஓட்டையை அடைத்தால் எல்லோர் வாசலிலும் வசூல் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் வழி இல்லையா?

ஆஸ்திரேலியா போட்ட கணக்கு

இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1,000 டாலர் வரை வெளிநாட்டுப் பொருளுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருந்தது. உள்ளூர்க் கடைக்காரர்கள் போராடினார்கள். 2011ல் அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் கணக்குப் போட்டுப் பார்த்தது. வரம்பை அடியோடு நீக்கி எல்லாப் பெட்டிக்கும் எல்லையில் வரி வசூலித்தால் கிடைக்கும் வருமானம் சுமார் 60 கோடி டாலர். வசூலிக்க ஆகும் செலவு 200 கோடி டாலருக்கும் மேல்! எண்ணெய் செலவானது, பிள்ளை பிழைக்கவில்லை என்ற கதை.

அதனால் 2018 ஜூலை 1ல் வேறு வழிக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் விற்கும் வெளிநாட்டுக் கடையோ தளமோ அங்கே பதிவு செய்து, விற்கும்போதே 10 சதவீதத்தை வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டிய பொருள் எல்லையில் நிற்காது. அமேசான் முதலில் முறுக்கிக்கொண்டு, தன் அமெரிக்கத் தளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. அதே வருடம் நவம்பரில் இறங்கி வந்தது. சந்தை பெரிதாக இருந்தால் கடைக்காரர் வழிக்கு வருவார் என்பது இதில் கிடைத்த பாடம்.

பிறகு இதே வழியில் மற்றவர்களும் போனார்கள். பிரிட்டன் 2021 ஜனவரியில், 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில், 150 யூரோ வரை. சிங்கப்பூர் 2023 ஜனவரியில், 400 வெள்ளி வரை. வரி ஒழியவில்லை, வாசலிலிருந்து கடைக் கல்லாவுக்கு நகர்ந்துவிட்டது. வாங்குபவர் மொத்த விலையைப் பார்க்கிறார். வேண்டுமென்றால் வாங்குகிறார், இல்லையென்றால் மூடிவிட்டுப் போகிறார். அந்தச் சுதந்திரம்தான் விஷயமே.

வசூலிக்க வழி செய்யாமல் வரி போட்டால்

இதற்கு நேர் எதிரான பாடம் 2025ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2016லிருந்து 800 டாலர் வரை வரி இல்லாமல் பொருள் அங்கே போகலாம். 2024 நிதியாண்டில் மட்டும் இப்படி 136 கோடி பார்சல்கள் போயின. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் இந்தச் சலுகை ரத்து. ஆனால் தபாலில் வரும் பெட்டிக்கு வரியை யார், எப்படி வசூலித்துக் கட்டுவது என்பது தெளிவாகவில்லை. நாடு நாடாகத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்தின. அமெரிக்காவுக்கான தபால் போக்குவரத்து ஒரே வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது என்று உலகத் தபால் ஒன்றியம் சொன்னது. இந்தியத் தபால் துறையும் ஆகஸ்ட் 25லிருந்து, கடிதங்களும் 100 டாலர் வரையிலான பரிசுகளும் தவிர மற்றதை எடுக்கவில்லை.

அக்டோபர் 15ம் தேதி சேவை மறுபடி தொடங்கியது. எப்படி? அமெரிக்க வரியை இங்கே பார்சல் பதிவு செய்யும்போதே அனுப்புகிறவரிடம் வாங்கிவிடும் முறையோடு. அந்த ஊரில் பெட்டியை வாங்குகிறவர் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இருப்பவர் வாசலில் திடுக்கிடக் கூடாது என்பதற்காக, அமெரிக்க வரியை முன்கூட்டியே கணக்குப் போட்டு வசூலிக்க இந்தியத் தபால் துறையால் இரண்டே மாதத்தில் முடிந்திருக்கிறது. அப்படியிருக்க, இந்தியாவில் இருப்பவருக்கு இந்திய வரியை முன்கூட்டியே சொல்ல மட்டும் ஏன் முடியாது? தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லவே முடியாது. பெரிய தளங்கள் சில இப்போதே 'இறக்குமதிக் கட்டண வைப்பு' என்று பணம் கட்டும்போதே பிடித்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் திருப்பித் தருகின்றன. அவர்களாக விரும்பிச் செய்வதை விதியாக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை, நாலே விஷயம்.

ஒன்று, இந்தியாவுக்கு அதிகமாக விற்கும் வெளிநாட்டுத் தளங்கள் வரி உட்பட்ட விலையைத்தான் காட்ட வேண்டும், அதை அங்கேயே வசூலிக்க வேண்டும். இரண்டு, சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் அதே பொருளை வியாபாரி இறக்குமதி செய்வதை விடக் கூடுதல் விகிதம் கட்டக் கூடாது. மூன்று, கூரியர் வாங்கும் முன்பணக் கட்டணத்தை, பொருள் கிளம்புவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நான்கு, திருப்பி அனுப்பிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்க ஒரு பக்கப் படிவம் போதும் என்று ஆக்க வேண்டும்.

சின்னக் கடைகள் என்ன செய்யும் என்று கேட்கலாம். எங்கோ போலந்தில் கைவினைப் பொருள் விற்கும் ஒருவர் இந்தியாவில் பதிவு செய்துகொண்டிருக்க மாட்டார், உண்மைதான். அதனால்தான் ஆஸ்திரேலியா 75,000 டாலர் என்று கோடு போட்டது. பெரும்பாலான பெட்டிகள் சில பெரிய தளங்கள் வழியாகத்தான் வருகின்றன. அவற்றைப் பிடித்தால் மிச்சத்தைப் பழைய முறையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை வாங்குபவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. விலையில் வரி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைத் தளத்தில் தேடிப் படிப்பது. சேரவில்லை என்றால் மேலே போட்ட கணக்கைத் தங்கள் பொருளுக்குப் போட்டுப் பார்த்து, கூரியர் கட்டணத்தையும் கூட்டி, அந்தத் தொகைக்கு உள்ளூரில் கிடைக்கிறதா என்று விசாரிப்பது. பல சமயம் ரிச்சி தெருவே மலிவாக இருக்கும்! விற்பவர் "10 டாலர் என்று குறைத்து எழுதி அனுப்பட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பது. மாட்டினால் பறிமுதலாவது வாங்கியவர் பொருள், அபராதமும் அவருக்குத்தான். வரி ரசீதில் ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கேட்பது. கூலியை 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்த்திருந்தால் விதியைச் சொல்லிக் கேட்பது.

தெருமுனை மளிகைக் கடையில்கூடச் சோப்பு உறையில் 'எல்லா வரிகளும் உட்பட' என்று அதிகபட்ச விலை அச்சடித்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். முப்பது ரூபாய்ச் சோப்புக்குக் கிடைக்கும் அந்த மரியாதையை மூவாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கும் கொடுங்கள் என்று கேட்பதில் என்ன தவறு?